சம்பளம் இல்லாத எம்.சி.யும் அடைத்த சன்னலும்: பினாங்கு முதியோர் இல்லமொன்றில் இன்ஃப்ளூயன்ஸா பரவல்

இல்லமும் அதன் அன்றாடமும்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனுக்குச் சற்றுத் தெற்கே, பழைய இரண்டு மாடிப் பங்களா ஒன்றை விரிவாக்கி அமைத்த முதியோர் இல்லத்தில் அக்டோபர் 2025இல் ஏற்பட்ட இன்ஃப்ளூயன்ஸா பரவலை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நிர்வாகக் குழுவின் இசைவோடு இது எழுதப்படுகிறது. இல்லத்தின் பெயரும் தனிநபர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. எழுதுபவர் அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தாதி. இல்லத்தின் தொற்றுத் தடுப்புப் பணியில் தன்னார்வலராக உதவி வருபவர்.

1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ், சமூக நல இலாகாவில் பதிவு பெற்ற இந்த இல்லத்தில் அப்போது 34 பேர் தங்கியிருந்தனர். கீழ்த்தளத்தில் 19 பேர், மேல்தளத்தில் 15 பேர். பெரும்பாலோர் தோட்டத்திலோ துறைமுகத்திலோ நகராண்மைக் கழகத்திலோ உழைத்து ஓய்ந்த தமிழர்கள். சீன முதியவர்களும் சிலர் உண்டு. மூன்றில் ஒரு பங்கினருக்கு மறதி நோய் வெவ்வேறு நிலைகளில் இருந்தது. ஒரு தலைமைத் தாதி, ஒன்பது பராமரிப்பாளர்கள், இரண்டு சமையற்காரர்கள், ஒரு துப்புரவாளர், ஓர் ஓட்டுநர் எனப் பணியாளர்கள் பதினான்கு பேர். மருத்துவர் வாரம் ஒருமுறை வந்துபோவார்.

பின்னர் நடந்ததைப் புரிந்துகொள்ள இல்லத்தைப் பற்றிய இரண்டு விவரங்கள் முக்கியமானவை. ஒன்பது பராமரிப்பாளர்களில் ஐவருக்கு நாள் சம்பளம். வந்த நாளுக்குத்தான் காசு என்பது எழுதப்படாத விதியாக இருந்தது. இரண்டாவது, பக்கவாட்டில் திறந்த தாழ்வாரமாக இருந்த பூசை மண்டபத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நன்கொடையாளர் கண்ணாடி வைத்து அடைத்து, இரண்டு குளிர்சாதனங்களும் பொருத்திக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் அங்கே பஜனை நடக்கும். வெயிலும் கொசுவும் இல்லாத இடம் என்பதால் மற்ற நாள்களிலும் முதியவர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்க விரும்பினர். சுவரில் மாட்டும் வகைக் குளிர்சாதனம் அறையில் உள்ள காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. வெளிக்காற்றை அது கொண்டுவருவதில்லை. இதை நன்கொடையாளரும் யோசிக்கவில்லை, வாங்கிக்கொண்டவர்களும் யோசிக்கவில்லை.

கோவிட்-19 காலத்து ஏற்பாடுகளில் சில அப்படியே தொடர்ந்தன. வாசலில் நெற்றி வெப்பமானி இருந்தது, கைத்தூய்மி இருந்தது, வருகைப் பதிவேடு இருந்தது. தடுப்பூசி விஷயத்தில் நிலைமை சொல்லும்படியாக இல்லை. கடந்த ஓராண்டுக்குள் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் குடியிருப்போரில் ஒன்பது பேர், பணியாளர்களில் இரண்டு பேர்.

அக்டோபர் 3 முதல் 8 வரை

அந்தச் சமயத்தில் நாடு முழுவதும் பள்ளிகளில் இன்ஃப்ளூயன்ஸா வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. 2025ஆம் ஆண்டின் 40ஆவது வாரத்தில் 97 தொற்றுத் திரள்கள் (ஓரிடத்தில் பலருக்கு ஒன்றாக நோய் தோன்றும் நிகழ்வுகள்) பதிவானதாகவும், அதற்கு முந்தைய வாரத்தில் அந்த எண்ணிக்கை 14ஆகவே இருந்ததாகவும் சுகாதார அமைச்சு பிறகு அறிவித்தது. நம் இல்லத்தில் இந்தச் செய்தி பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிய செய்தியாகவே பேசப்பட்டது. முதியோர் இல்லத்தில் பள்ளிப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அங்கே வேலை செய்வோரின் வீடுகளில் இருக்கிறார்கள்.

பராமரிப்பாளர் ஒருவரின் மகன், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிப்பவன், அந்த வாரத்தில் காய்ச்சலோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டான். தாய்க்கு அக்டோபர் 3, வெள்ளிக்கிழமை, எந்த உபாதையும் இல்லை. அன்று மாலை பஜனைக்கு முதியவர்களைச் சக்கர நாற்காலிகளில் மண்டபத்திற்கு அழைத்துவந்து, முடியும்வரை அவர்களோடு அமர்ந்திருந்தார். மறுநாள் அவருக்குத் தொண்டை வலியும் உடம்பு வலியும் தொடங்கின. சனி, ஞாயிறு இரண்டு இரவுகளும் பாராசிட்டமால் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். வாசலில் வெப்பநிலை பார்க்கப்பட்டது. இரண்டு நாளும் இயல்பாகவே காட்டியது. மாத்திரை காய்ச்சலைத் தணிக்கும், கிருமி வெளியேறுவதை நிறுத்தாது. மேலும், இன்ஃப்ளூயன்ஸா பிடித்தவர் அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குத் தொற்ற வைக்கக்கூடியவர் என்பதால், வெள்ளிக்கிழமை மாலையை எந்த வெப்பமானியும் தடுத்திருக்க முடியாது.

அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை காலை, கீழ்த்தளத்தில் இருந்த 81 வயது அம்மையார் கஞ்சியைத் தொடவில்லை. தான் இருக்கும் இடம் தெரியாமல், இறந்துபோன கணவரைத் தேடிக் கூப்பிட்டார். வெப்பநிலை 37.4 பாகையாக இருந்தது. இருமல் இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம் என்று தலைமைத் தாதி கருதினார். அவர் வயதில் உள்ள ஒருவருக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் முதலில் எண்ணத்தக்க காரணம்தான் அது. சிறுநீர்ச் சோதனைக்கு ஏற்பாடு செய்து, தண்ணீர் அதிகம் கொடுக்கும்படி எழுதி வைத்தார்.

புதன்கிழமை மேலும் இருவருக்கு இருமலும் சோர்வும் வந்தன. ஒருவர் கீழ்த்தளம், மற்றவர் மேல்தளம். மேல்தளத்துக்காரருக்கு மட்டும் 38.2 பாகை காய்ச்சல். மூவரும் ஒரே அறையைச் சேர்ந்தவர்கள் அல்லர். சாப்பாட்டு மேசையும் ஒன்றல்ல. அதனால் மூன்றையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கும் எண்ணம் அன்று மாலைவரை யாருக்கும் எழவில்லை. இரவுப் பணிக்கு வந்தவர் குறிப்பேட்டைப் படித்துவிட்டுத் தலைமைத் தாதியின் கைப்பேசிக்கு அழைத்து, "மிஸ்ஸி, மூணு பேருமே சாப்பிடலைன்னு எழுதியிருக்கு, ஒரே மாதிரி இருக்கே" என்று கேட்டார். இல்லத்தில் பரவல் என்ற சந்தேகம் முதன்முதலில் எழுந்தது இந்தக் கேள்வியில்தான்.

அக்டோபர் 9: சோதனையும் முதல் முடிவுகளும்

மருந்தகத்தில் கிடைக்கும் கூட்டுச் சோதனைக் கருவிகள் வியாழக்கிழமை காலையில் வாங்கப்பட்டன. கோவிட்-19, இன்ஃப்ளூயன்ஸா ஏ, பி, மூச்சுப்பாதையைத் தாக்கும் மற்றொரு கிருமியான ஆர்.எஸ்.வி. ஆகியவற்றை ஒரே மூக்குச்சளி மாதிரியில் காட்டும் வகை அவை. 81 வயது அம்மையாருக்கு இன்ஃப்ளூயன்ஸா ஏ உறுதியானது. மேல்தளத்துக்காரருக்கும் அவ்வாறே. மூன்றாமவருக்கு எதுவும் காட்டவில்லை.

இங்கே எடுக்கப்பட்ட முதல் முடிவு மூன்றாமவரைப் பற்றியது. விரைவுச் சோதனை இன்ஃப்ளூயன்ஸா உள்ளவர்களில் கணிசமானோரைத் தவறவிடும் இயல்புடையது. 'உண்டு' என்று காட்டினால் பெரும்பாலும் நம்பலாம், 'இல்லை' என்று காட்டினால் அந்த அளவுக்கு நம்ப முடியாது. பரவல் நடந்துகொண்டிருக்கும் கட்டடத்தில் அதே அறிகுறிகளோடு இருப்பவரை, கோடு விழவில்லை என்பதற்காகப் பொது அறைக்குத் திருப்பி அனுப்புவது சரியல்ல என்று தலைமைத் தாதி முடிவு செய்தார். மூவரும் நோயாளிகளாகவே கருதப்பட்டனர்.

நெடுங்காலப் பராமரிப்பு இல்லங்களுக்கு உலகளவில் பயன்பட்டு வரும் அளவுகோல் எளிமையானது: 72 மணி நேரத்திற்குள் இரண்டு பேருக்கு நோய் தோன்றி, ஒருவருக்கேனும் இன்ஃப்ளூயன்ஸா உறுதியானால் அதைப் பரவல் என்றே கொள்ள வேண்டும். அந்த எல்லையை இல்லம் ஏற்கெனவே கடந்திருந்தது. அன்று நண்பகலுக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கும், வந்துபோகும் மருத்துவருக்கும், நிர்வாகக் குழுத் தலைவருக்கும் தகவல் தரப்பட்டது.

மாலைக்குள் கீழ்த்தளத்தின் பின்கட்டில் இருந்த நான்கு அறைகள் காலி செய்யப்பட்டு, நோயுற்றவர்கள் அங்கே மாற்றப்பட்டனர். பராமரிப்பாளர்கள் மூன்று அணிகளாகப் பிரிக்கப்பட்டனர்: பின்கட்டு, கீழ்த்தளம், மேல்தளம். ஓர் அணியில் உள்ளவர் அடுத்த அணியின் பக்கம் உணவுத் தட்டு எடுத்துப்போகக்கூட அனுமதி இல்லை. பொதுச் சாப்பாட்டு அறையும் பஜனையும் நிறுத்தப்பட்டன. எல்லாப் பணியாளர்களுக்கும் முகக்கவரி கட்டாயமாக்கப்பட்டது. கைப்பிடிகள், மின்விசைகள், சக்கர நாற்காலியின் கைச்சட்டங்கள் ஆகியவற்றை நாளுக்கு மூன்று முறை துடைக்க ஏற்பாடானது. இக்கிருமி வழவழப்பான கடினப் பரப்பில் ஒரு நாள் முதல் இரண்டு நாள்வரை உயிர்ப்போடு இருக்கக்கூடியது.

இவற்றுள் முகக்கவரி எதிர்பாராத இடரைத் தந்தது. காது மந்தமான முதியவர்கள் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அது மறைந்த பிறகுதான் தெரிந்தது. மறதி நோய் உள்ள சிலர் முகம் மூடியவர் ஊட்டும் சோற்றை ஏற்கவில்லை. ஊட்டுபவர் தம் பெயரையும் சிரித்த முகத்துடன் கூடிய படத்தையும் பெரிதாக அச்சிட்டு மார்பில் மாட்டிக்கொள்வது என்ற ஏற்பாடு ஓரளவு உதவியது. முழுமையாக உதவியது என்று சொல்ல முடியாது.

எங்கிருந்து எப்படி

வெள்ளிக்கிழமைக்குள் நோயுற்ற குடியிருப்போர் எட்டுப் பேர் ஆகிவிட்டனர். தலைமைத் தாதியும் இந்த ஆய்வை எழுதுபவரும் ஒரு பெரிய தாளில் அவர்களது அறை, சாப்பாட்டு மேசை, குளிக்கும் முறை, கவனித்த பராமரிப்பாளர் ஆகியவற்றை எழுதிப் பார்த்தோம். அறையும் மேசையும் எதையும் விளக்கவில்லை. எட்டுப் பேரில் ஏழு பேர் 3ஆம் தேதி பஜனையில் இருந்தவர்கள்; எட்டாமவர் படுக்கையை விட்டு எழாதவர், சனி இரவு மேற்சொன்ன பராமரிப்பாளர் உடை மாற்றிவிட்டவர். கிருமி உடலுக்குள் புகுந்து அறிகுறி தோன்ற ஒன்று முதல் நான்கு நாள்கள் ஆகும் என்பதோடு முதலில் விழுந்தவர்களின் தேதிகள் பொருந்தின. பின்னால் விழுந்தவர்கள் அவர்களிடமிருந்து பெற்றிருக்கலாம். மரபணுப் பகுப்பாய்வு செய்யப்படவில்லை என்பதால் இதை மெய்ப்பிக்கப்பட்ட முடிவாக அன்றி, மிகப் பொருத்தமான விளக்கமாகவே கொள்ள வேண்டும்.

அப்பராமரிப்பாளர் கேட்டவுடன் எதையும் மறைக்காமல் சொன்னார். "ரெண்டு நாள் வராம இருந்தா அந்த மாசம் பள்ளிக்கூட வேனுக்குக் காசு கட்ட முடியாது மிஸ்ஸி. லேசான தொண்டை வலிதானேன்னு நெனச்சேன்." அவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கூறியபோது, அதே நிலையில் எத்தனை பேர் இதற்கு முன் அப்படி வந்திருப்பார்கள் என்று மற்றொருவர் கேட்டார். பதில் சொல்ல யாராலும் முடியவில்லை.

அக்டோபர் 10: ஊதியம் பற்றிய முடிவு

வெள்ளிக்கிழமை இரவு கூடிய நிர்வாகக் குழுவின் முன் இரண்டு செலவு முன்மொழிவுகள் இருந்தன. ஒன்று, கட்டடம் முழுவதும் கிருமிநாசினிப் புகை அடிக்க ஒரு குத்தகையாளர் தந்த விலைப்பட்டியல். மற்றது, நாள் சம்பளக்காரர்கள் உள்பட எல்லாப் பணியாளர்களுக்கும் நோய்க்கால விடுப்பில் முழு ஊதியம் தருவது, அவர்களுக்குப் பதிலாக வருவோருக்கும் ஊதியம் தருவது. இரண்டுக்கும் ஆகக்கூடிய தொகை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

புகை அடிப்பதற்கு ஆதரவு அதிகம். கோவிட் காலத்தில் தெருக்களிலும் கோயில்களிலும் வெள்ளை உடை அணிந்தவர்கள் புகை அடித்துச் சென்ற காட்சி எல்லார் மனத்திலும் பதிந்திருந்தது. குடும்பத்தினருக்குக் காட்டவும் அது ஏற்றது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் மே 2020லேயே உட்புறங்களில் கிருமிநாசினியைத் தெளிப்பதையும் புகையாக அடிப்பதையும் வழக்கமான முறையாகப் பரிந்துரைக்கவில்லை. துணியால் துடைப்பதே பயன் தரும் என்றது. நுரையீரல் நலிந்தவர்கள் நிறைந்த இல்லத்தில் புகையால் கேடும் நேரலாம். தவிர, இருமுபவர் இருமிக்கொண்டிருக்க, மறுநாள் காலை கட்டடம் மீண்டும் பழைய நிலைக்கே வந்துவிடும். என் கருத்தில், புகை அடிப்பது நிர்வாகத்தின் மன நிம்மதிக்குச் செய்யப்படுவது.

சட்ட நிலையும் அன்று எடுத்துரைக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகப் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் பணியாற்றியவருக்கு 18 நாள், அதற்கு மேல் 22 நாள் ஊதியத்துடன் கூடிய நோய்க்கால விடுப்பு உண்டு. ஆண்டுக்கணக்கில் ஒரே இல்லத்தில் வேலை செய்யும் ஒருவரை நாள் சம்பளக்காரர் என்று அழைப்பதால் மட்டும் அந்த உரிமை மறைந்துவிடாது. இல்லத்தின் கணக்கர் இதை உறுதி செய்தபோது, தாங்கள் கருணையாகக் கொடுக்க எண்ணிய ஒன்று ஏற்கெனவே கொடுத்திருக்க வேண்டியது என்பதைக் குழு உணர்ந்தது.

முடிவு அன்றிரவே எடுக்கப்பட்டது. தொண்டை வலியோ இருமலோ இருந்தால் வர வேண்டாம், எம்.சி. (மருத்துவர் தரும் நோய்க்கால விடுப்புச் சான்று) கிடைத்தால் அதன்படி முழு ஊதியம், எம்.சி. கிடைக்கும் முன் வீட்டில் தங்கும் முதல் நாளுக்கும் ஊதியம் உண்டு. இது தமிழிலும் மலாயிலும் எழுதப்பட்டு, எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்குள் இரண்டு பராமரிப்பாளர்கள் தங்களுக்கு முந்தைய நாளிலிருந்தே தொண்டை வலி என்று தெரிவித்தனர். ஒருவர் மேல்தள அணியில் இருந்தார். அதாவது, நோய் அதிகம் பரவாத 15 பேரோடு இருந்தார். இருவருக்கும் இன்ஃப்ளூயன்ஸா ஏ உறுதியானது. அந்தச் செய்தி அனுப்பப்பட்டிராவிட்டால் இருவரும் அன்று வேலைக்கு வந்திருப்பார்கள் என்று அவர்களே பின்னர் கூறினர். இப்பரவலில் எடுக்கப்பட்ட முடிவுகளில் எதன் பலன் கண்முன் தெரிந்தது என்று கேட்டால், நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆள் பற்றாக்குறை உடனே வந்தது. ஓய்வு பெற்ற தாதியர் மூவரும், முன்பு இங்கே வேலை செய்து நின்றுபோன ஒருவரும் முறை வைத்து வந்தனர். அவர்களில் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டுமே பின்கட்டு ஒதுக்கப்பட்டது.

காற்று, மழை, கொசு

பூசை மண்டபத்தில் கரியமிலவாயு அளவி ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம். திறந்த வெளியில் அதன் அளவு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. மனிதர் விடும் மூச்சு அறையில் தேங்கத் தேங்க அது ஏறும். 1,000ஐத் தாண்டினால் அந்த அறைக்குப் போதிய வெளிக்காற்று வரவில்லை என்று கொள்ளலாம். கதவை அடைத்து, குளிர்சாதனத்தைப் போட்டு, பணியாளர்கள் சிலர் மட்டும் அரை மணி நேரம் உட்கார்ந்ததிலேயே அந்த எல்லை கடந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் அமர்ந்து, ஒன்றரை மணி நேரம் உரத்துப் பாடிய மாலையில் என்னவாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். பாடும்போதும் உரக்கப் பேசும்போதும் வாயிலிருந்து வெளியேறும் நுண்துளிகள் சாதாரண மூச்சில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம்.

சன்னல்களைத் திறப்பது என்ற முடிவு காகிதத்தில் எளிது. பினாங்கில் அக்டோபர் பெருமழைக் காலம். மாலையானால் சாரல் படுக்கைவரை வரும். மேலும், சன்னலைத் திறந்தால் கொசு வரும், கொசுவோடு டிங்கிக் காய்ச்சலும் வரலாம். ஒரு கிருமியைத் தடுக்கப் போய் இன்னொன்றை அழைக்கக் கூடாது என்ற கவலையைத் தலைமைத் தாதி எழுப்பினார், அது நியாயமானது. சன்னல்களுக்கு வலை அடிக்கப்பட்டது. மழை பெய்யும் பக்கத்தை மூடி எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைப்பது, பின்கட்டின் நான்கு அறைகளிலும் காற்றை வெளியே தள்ளும் விசிறிகளைப் பொருத்துவது என்று ஏற்பாடானது. அவ்விசிறிகள் அறைக் காற்றை நடைபாதைக்குத் தள்ளாமல் நேரே வெளிப்புறத்துக்குத் தள்ளும்படி அமைக்கப்பட்டன. சுற்றும் மேசை விசிறிகள் பின்கட்டில் தடை செய்யப்பட்டன.

மண்டபத்தின் கண்ணாடிகளைக் கழற்றலாமா என்ற பேச்சு வந்தபோது, நன்கொடையாளரிடம் யார் சொல்வது என்பதே பெரிய சிக்கலாக இருந்தது. குழுத் தலைவர் நேரில் சென்று விளக்கினார். அவர் சிறிதும் தயங்காமல், கழற்றுவதற்கான கூலியையும் தாமே தருவதாகச் சொல்லிவிட்டார்.

மருந்து

மருத்துவர் 9ஆம் தேதி மாலையே வந்து, நோயுற்றவர்களுக்கு ஓசெல்டாமிவிர் என்னும் இன்ஃப்ளூயன்ஸா எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினார். நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் பலன் அதிகம். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு அளவு குறைக்கப்பட்டது. இதற்காக ஒவ்வொருவரின் அண்மைய இரத்தச் சோதனை முடிவும் கோப்பிலிருந்து எடுத்துப் பார்க்கப்பட்டது. சிலருக்கு அது ஓராண்டுக்கு முந்தையதாக இருந்ததால் புதிதாக இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது.

நோய் வராதவர்களுக்கும் தடுப்பு மருந்தாக அதைத் தருவதா என்பது அடுத்த கேள்வி. பராமரிப்பு இல்லப் பரவல்களில், தடுப்பூசி போட்டவர் போடாதவர் என்று பாராமல் எல்லாக் குடியிருப்போருக்கும் நாளுக்கு ஒருவேளை, குறைந்தது இரண்டு வாரம், கடைசி நோயாளிக்குப் பிறகு ஒரு வாரம்வரை தருவது ஏற்கப்பட்ட முறை. செலவையும், வாந்தி முதலிய பக்கவிளைவுகளையும் எடைபோட்டு, 10ஆம் தேதியிலிருந்து எல்லாருக்கும் தர மருத்துவர் தீர்மானித்தார். தடுப்பூசி அப்போது போட்டாலும் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால், அந்த இடைவெளியை மருந்தே நிரப்ப வேண்டியிருந்தது. நோயற்ற குடியிருப்போருக்கும் இசைந்த பணியாளர்களுக்கும் தடுப்பூசியும் அந்த வாரத்திலேயே போடப்பட்டது.

தடுப்பூசி பற்றிப் பணியாளர்கள் கேட்ட கேள்விகளுள் ஒன்று, முன்பு நான்கு வகைக் கிருமிக்கு எதிராக இருந்த ஊசி ஏன் இப்போது மூன்றுக்கு மட்டும் வருகிறது, தரத்தைக் குறைத்துவிட்டார்களா என்பது. பி வகையின் யமகத்தா என்னும் கிளை மார்ச் 2020க்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை, அதனால்தான் அது நீக்கப்பட்டது என்று விளக்கினோம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும் முகக்கவரியும் இருந்த அந்தக் காலத்தில் ஒரு கிளையே காணாமல் போனது என்று கேட்டதும், ஊசியைவிட அந்தச் செய்திதான் அவர்களை அதிகம் கவர்ந்தது.

தீபாவளி

தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி. அதற்கு முந்தைய பத்து நாள்களில் பள்ளிகள், நிறுவனங்கள், ஆலய இளைஞர் பிரிவுகள் என்று பல குழுக்கள் பரிசுக்கூடைகளோடும் ஆடல் பாடலோடும் வருவதாக முன்பே ஏற்பாடு செய்திருந்தன. குழுக்கள் எல்லாவற்றையும் நிறுத்துவதில் கருத்து வேறுபாடு இல்லை. பொருள்களை வாசலில் பெற்றுக்கொள்வதாகத் தெரிவிக்கப்பட்டது. குடும்பத்தினரைப் பற்றித்தான் நீண்ட விவாதம்.

முற்றிலும் தடை செய்யலாம் என்று சிலர் கூறினர். அதை எதிர்த்த மூத்த உறுப்பினர் ஒருவர், "இவங்களுக்கு இன்னும் எத்தனை தீபாவளி இருக்குன்னு நமக்குத் தெரியுமா" என்று கேட்டார். 2020இலும் 2021இலும் பார்வையாளர் தடை நீண்ட மாதங்களில், நோய் எதுவும் இல்லாமலே நடை தளர்ந்து, பேச்சு குறைந்து, உணவைக் குறைத்துக்கொண்டு மெலிந்தவர்களை இல்லம் பார்த்திருக்கிறது. தனிமையும் கேடு விளைவிக்கிறது, அது எந்தச் சோதனைக் கருவியிலும் தெரிவதில்லை.

இறுதியில், முன்வாசல் கூரைப் பந்தலின் கீழ், திறந்த வெளியில், ஒரு முதியவருக்கு இரண்டு பேர் வீதம், முகக்கவரியுடன் சந்திக்க இடமளிக்கப்பட்டது. இருமல் சளி உள்ளவர்களும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பின்கட்டில் இருந்தவர்களின் குடும்பத்தினர் சன்னலுக்கு வெளியே நின்று பேசினர். சில குடும்பங்கள் கோபித்துக்கொண்டன. கோலாலம்பூரிலிருந்து காரோட்டி வந்த ஒரு மகன், பேரப்பிள்ளைகளை உள்ளே விடவில்லை என்று முறையீட்டுக் கடிதம் எழுதினார். அவருக்கு எழுதிய பதிலில் நோயுற்றவர்களின் எண்ணிக்கையும் தேதிகளும் மறைக்காமல் தரப்பட்டன.

விளைவு

குடியிருப்போரில் நோயுற்றவர்கள் மொத்தம் 11 பேர். பணியாளர்களில் முதலில் நோயுற்ற பராமரிப்பாளர், துப்புரவாளர், பின்னர் தெரிவித்த இருவர் என நால்வர். முதல் மூன்று நாள்களில் ஆறு பேர், 10ஆம் தேதி இருவர், 11, 13, 16 ஆகிய நாள்களில் தலா ஒருவர் என்ற வரிசையில் குடியிருப்போர் நோயுற்றனர். 16ஆம் தேதி நோயுற்றவர் மறதி நோயால் ஓரிடத்தில் நில்லாமல் நடமாடும் பெண்மணி. எல்லா அறைகளுக்கும் போய்வருவார், மாத்திரையை வாயில் ஒதுக்கி வைத்துப் பிறகு துப்பிவிடுவார் என்பது பின்னரே கவனிக்கப்பட்டது. அதன்பின் கேப்ஸ்யூலைப் பிரித்து இனிப்புப் பாகில் கலந்து தரப்பட்டது. அவரைப் பூட்டி வைப்பது வேண்டாம் என்றும், பகலில் ஒரு பணியாளர் உடன் நடப்பது என்றும் முடிவாயிற்று.

முதலில் நோயுற்ற 81 வயது அம்மையார் நிமோனியாவால் 10ஆம் தேதி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, தேறித் திரும்பினார். முன்பு தாமே நடந்தவர் இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். இதய, சிறுநீரக நோய்கள் உள்ள 86 வயது பெரியவர் 12ஆம் தேதி சேர்க்கப்பட்டு, 17ஆம் தேதி காலமானார். அவர் தடுப்பூசி போடாதவர். இரண்டு முறை நாள் குறிக்கப்பட்டு, வண்டி கிடைக்காததால் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லப்படாதவர். 16ஆம் தேதிக்குப் பிறகு புதிய நோயாளி இல்லாததால், தடுப்பு மருந்து 23ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டு, மறுநாள் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன.

மருந்து, அணிப்பிரிப்பு, காற்றோட்டம், ஊதிய விடுப்பு ஆகிய நான்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கியதால், எது எவ்வளவு பயன் தந்தது என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வு போதாது.

பின்னர் மாற்றியவையும் மாறாதவையும்

நோய்க்கால ஊதிய விடுப்பு இப்போது பணி ஒப்பந்தத்தில் எழுத்தில் உள்ளது. மாற்று ஆள்களின் பட்டியலைத் தலைமைத் தாதி மாதம் ஒருமுறை தொலைபேசியில் சரிபார்க்கிறார். வாசல் வெப்பமானி அகற்றப்பட்டு, அதற்குப் பதிலாக 'உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இருமல், தொண்டை வலி, காய்ச்சல் உண்டா' என்ற கேள்வி ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் கேட்கப்படுகிறது. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பணியாளர் வேலை செய்யலாம், ஆனால் முகக்கவரியுடன், ஒரே தளத்தில் மட்டும்.

முதியவர்களுக்கான அறிகுறிப் பட்டியலில் காய்ச்சல் முதலிடத்தில் இல்லை. உணவு மறுப்பு, புதிய குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், விழுதல் ஆகியவை முன்னால் வைக்கப்பட்டுள்ளன. 72 மணி நேரத்தில் இருவருக்கு இவற்றில் ஏதேனும் தோன்றினால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் சோதனை செய்ய வேண்டும். சோதனைக் கருவிகள் அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டும். இந்த விதி அக்டோபர் 8ஆம் தேதி இருந்திருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். தடுப்பூசிக்கு முதியவர்களை ஏற்றிச் செல்வதை விட்டு, தாதியை இல்லத்துக்கே வரவழைப்பது என்ற ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. பூசை மண்டபத்தின் இரண்டு பக்கக் கண்ணாடிகள் கழற்றப்பட்டு, வலை அடிக்கப்பட்டுள்ளது. பஜனை மீண்டும் நடக்கிறது. மழை வலுத்தால் ஒத்திவைக்கப்படுகிறது, அதைப் பற்றிய முணுமுணுப்பும் தொடர்கிறது.

பணியாளர்களில் மூவர் இன்னும் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. கட்டாயப்படுத்துவதில்லை என்று குழு தீர்மானித்துள்ளது. இரவுப் பணிக்கு ஆள் போதாதபோது முகவர் மூலம் வரும் தற்காலிகப் பராமரிப்பாளர்கள் வெவ்வேறு இல்லங்களில் அடுத்தடுத்த இரவுகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் தருவது இல்லம் அல்ல, முகவர். நோய்க்கால விடுப்புக்கு ஊதியம் தருவதாக முகவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று குழு கேட்டிருக்கிறது. இரண்டு முகவர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டுள்ளார். மற்றவரிடமிருந்து ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டதால், சனிக்கிழமை இரவுகளில் மேல்தளத்துக்கு இப்போதும் ஒருவர் குறைவாகவே இருக்கிறார்.